தடுக்கிய இடம்

ரொட்டிக்கடை மாடிக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் தன் எழுத்தைத் தானே படிக்கக் கூடாது. காகிதங்களை மேசையில் வைத்ததோடு அவர் வாய்க்குப் பூட்டு. அந்தக் கதையை அதுவரை கண்ணால்கூடப் பார்க்காத இன்னொருவர் எடுத்து உரக்கப் படிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஜெராக்ஸ் பிரதியும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். படிக்கிறவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே மூச்சு வாங்குகிறாரோ, எந்த வரிக்குத் திரும்பப் போகிறாரோ, அங்கே ஒரு கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் எழுதியவர் மறுபடி உழைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மீட்டர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது அவர் உத்தியோகம். நாய்கள் உட்பட அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டர்தான். இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறார். இரண்டும் கட்டுக்கட்டாக அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. "யாரும் வாங்கலைன்னு எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டில் ஆடாம நிக்குது" என்பார். அப்படிப்பட்ட மனிதர், தன் மூன்றாவது புத்தகத்தை எழுத வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அடுத்தவர் எழுத்துக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதற்குப் பைத்தியம் என்று பெயர் வைப்பவர்கள் உண்டு. வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பைத்தியம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

"எழுதினவரே படிச்சா ஓட்டை எல்லாத்தையும் குரலாலயே அடைச்சிடுவார். அடுத்த ஆள் படிக்கும்போதுதான் எங்க ஒழுகுதுன்னு தெரியும்" என்பது அவர் சொல்லும் காரணம். பஸ் கண்டக்டருக்கு அது பலித்தது. அவர் முதலில் கொண்டுவந்ததெல்லாம் பயணிகள் மேல் உள்ள கோபம். நர்ஸ் ஒருத்தி அதைப் படித்து, மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி விட்டாள். கொட்டாவிக்கும் ஒரு கோடு போட்டார்கள். இன்றைக்கு அந்தக் கண்டக்டர் எழுதுகிற பஸ் கதைகளைக் கேட்டால், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் இறங்க மனம் வராது. தையல்காரம்மாவுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, அவர் சொல்லச் சொல்ல ஆள் மாற்றி ஆள் எழுதிக் கொடுத்து ஒரு கதையை முடிக்க வைத்தார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு செய்வார்களா தெரியாது.

மாடி என்றால் பெரிய மாடி இல்லை. மாவு மூட்டைகள் அடுக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே அடுப்பு அணைந்து, தட்டுகள் கழுவிக் கவிழ்த்த பிறகு, கடை முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். மூட்டைகள்தான் நாற்காலி. எழுந்தால் எல்லோர் பின்புறமும் வெள்ளை.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் அண்ணி. அவளுக்குக் கீழே அதே கடையில்தான் வேலை. பிசைந்த மாவைக் கைப்பிடி அளவுக்கு வெட்டி, உருட்டி, எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, ஈரத் துணி போட்டு மூடி, பொங்கும்வரை காத்திருக்க வேண்டும். பொங்காத மாவை அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் ரொட்டி செங்கல்லாக வெளியே வரும். அவள் மாடிக்கு வந்த முதல் நாள் மழை பெய்தது. அவள் நாத்தனார் குடை கொண்டுவந்து, படிக்கட்டுக்குக் கீழே நின்று "அண்ணி" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தையல்காரம்மாவுக்கும் அவள் அண்ணிதான்.

நாத்தனார் என்றால் நாலு வார்த்தை குத்திப் பேச வேண்டும் என்று உலகத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த நாத்தனார் அந்த ரகம் இல்லை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். சலவைக்கடையில் துணி தேய்த்து மடிக்கிறவள். கல்யாணம் பேசிய காலத்தில் அவள் அம்மாவுக்கு ஞாபகம் தவறிப்போக ஆரம்பித்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாள், கல்யாணப் பேச்சும் அப்படியே நின்றது. அம்மா போன பிறகுதான் சலவைக்கடைக்குத் திரும்பினாள்.

அண்ணி எழுத ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். ரொட்டி சுற்றுகிற பழுப்புக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கி, வெட்கப்பட்டு அலமாரியில் துணிக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். துணி மடித்து வைக்கப் போன சின்னவள் கண்ணில் அது பட்டுவிட்டது. நின்றபடியே படித்துவிட்டு, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, இது பாதியில நிக்குது. மீதி எங்க?"

"மீதி எழுதலை."

"எழுதுங்க. எனக்கு அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்."

அவ்வளவுதான். மறு வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையலைச் சின்னவள் எடுத்துக்கொண்டாள். "நீங்க மாடிக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அண்ணியின் கணவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழில். அவர் வாசலில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடி, "எங்க வீட்டுல ஒரு எழுத்தாளர், ஒரு சமையல்காரர், ஒரு மெக்கானிக். ஒரு டாக்டர் மட்டும்தான் பாக்கி" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லுவார்.

அண்ணிக்கு ஆசானாக வாய்த்தவர் மீட்டர். கடையின் மீட்டரைப் பார்க்க வரும்போது பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், "எழுதினீங்களா?" என்பார். எழுதினேன் என்றால் நின்றபடியே படிப்பார். ஒரு கதையின் முதல் பக்கத்தை அவள் மாற்றி மாற்றி எழுதி அலுத்துப்போய், "அரைச்ச மாவையே அரைக்கறேன், எனக்கு வராது போல" என்று சொன்னபோது அவர் சொன்னார்: "முதல் பக்கம் முழுக்க அடுப்புப் பத்த வைக்கறீங்க அண்ணி. எனக்குப் பசிக்குது. ரொட்டி எந்தப் பக்கத்துல வருதோ அங்கேருந்து ஆரம்பிங்க." அவள் முதல் இரண்டு பக்கங்களைத் தூக்கி எறிந்தாள். கதை எழுந்து உட்கார்ந்தது.

ஒவ்வொரு கதை முடிந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இதுல உயிரோட இருக்கற ஆள் யாராவது உண்டா?" உண்டு என்றால், அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொல்லுவார். கண்டக்டர் ஒருமுறை தன் மாமனாரைப் பற்றி எழுதிவிட்டு, அவரிடம் போய்ச் சொல்லி, கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கதை பிழைத்தது.

அண்ணி புதிதாக எழுதிய கதைக்கும் மீட்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள், "இல்லை" என்றாள்.

அது பொய். கதையில் இருந்தது சின்னவள்தான்.

மாமியாருக்கு ஞாபகம் போன காலத்தில் கதவைத் திறந்து வைத்தால் தெருவில் இறங்கி நடந்துவிடுவார். அதனால் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கடைசி நாளில் அண்ணிக்குக் கடையில் வேலை. அண்ணன், "மத்தியானத்துக்குள்ள வந்துடறேன், நீ கொஞ்சம் வெளிய போய்ட்டு வா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனவர், எங்கோ ஒரு ஃபிரிட்ஜோடு மல்லுக்கட்டி வரவில்லை. சின்னவள் பார்த்தாள், பொறுத்தாள். பிறகு கதவை வெளியே பூட்டிக்கொண்டு தெருமுனைச் சாப்பாட்டுக்கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அம்மா படுக்கையில் இருந்தார், மூச்சு இல்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார், யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அண்ணனிடம் சின்னவள், "பக்கத்துலதான் படுத்திருந்தேன்" என்று சொன்னாள். உண்மையை அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அம்மாவின் படுக்கை விரிப்பை இரண்டு பேருமாக ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தபோது அதைச் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை.

அதைத்தான் அண்ணி எழுதினாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த நாள் அவளை விடவில்லை, அவ்வளவுதான். அம்மாவை அப்பாவாக்கினாள். சின்னவளை டீச்சராக்கினாள். ஊரைத் துறைமுகமாக்கினாள். ஆளை மாற்றினால் அடையாளம் தெரியாது என்று நம்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்க வேண்டியவள் நர்ஸ். அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை மாற்றிப் போட்டுவிட்டார்கள், வரவில்லை. மீட்டர் ஏற்கெனவே கதையைப் படித்தவர். கண்டக்டரும் தையல்காரம்மாவும் பாதிப் பாதி கேட்டவர்கள். பிரதிகளை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. படிக்க ஆள் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்துக்கு நடுவே, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னவள் குடையோடு வந்து நின்றாள்.

"அண்ணி, குடையை விட்டுட்டு வந்துட்டீங்க."

மீட்டர் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்தீங்க. வெளி ஆள் கிடைக்கறதே அபூர்வம். உக்காந்து இதைக் கொஞ்சம் படிங்க."

"நானா? எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது."

"மேடை எங்க இருக்கு? மூட்டைதான் இருக்கு. சும்மா படிங்க."

அண்ணி எழுந்தாள். "அவ வேண்டாம். அவளுக்கு வீட்டுல வேலை இருக்கு."

"காகிதம் மேசைக்கு வந்தாச்சு அண்ணி" என்றார் மீட்டர் சிரித்துக்கொண்டே. "இனிமே நீங்க பேசக் கூடாது."

வாயைத் திறந்து ஏன் வேண்டாம் என்று சொன்னால், அது யார் கதை என்று அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் சின்னவள் படிப்பாள். அண்ணி உட்கார்ந்தாள். மாவு ஒட்டியிருந்த கட்டை விரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, காகிதத்தை எடுத்தாள். முகத்தில் பெருமை இருந்தது. அண்ணி எழுதியதை நாலு பேர் முன்னால் படிக்கக் கிடைத்ததே என்ற பெருமை.

முதல் பக்கம் நன்றாகப் போனது. துறைமுகம், கப்பல் சங்கு, ஞாபகம் தப்பிய கிழவர், டீச்சர் மகள். சின்னவளுக்கு நல்ல குரல். கண்டக்டர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். இரண்டாம் பக்கத்தில் டீச்சர் கதவை வெளியே பூட்டினாள்.

"சாவியைத் திருப்பும்போது... சாவியை... சாவியைத் திருப்பும்போது உள்ளே அப்பா இருமினார். அவள் ஒரு நிமிடம்..."

மூன்று பென்சில்களும் ஒரே சமயத்தில் கோடு போட்டன.

சின்னவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே போனாள். கடைக்காரர் மேசையைத் துடைத்துத் தட்டை வைக்கிற இடத்தில் மறுபடி நின்றாள். அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். இரண்டாவது கோடு. டீச்சர் சாப்பிட முடியாமல் அழுகிறாள், தட்டில் கண்ணீர் விழுகிறது என்ற வரியைச் சின்னவள் தடையே இல்லாமல் கடகடவென்று படித்துக் கடந்தாள். கடைசியில் டீச்சர் திரும்பி வந்து பூட்டைத் திறக்கிற இடத்தில் குரல் நின்றேவிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடித்துக் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"நல்லாப் படிச்சீங்க" என்றார் மீட்டர். "இப்ப பாக்கலாம். தையல்காரம்மா, நீங்க ஆரம்பிங்க."

"எனக்கு அந்தப் பூட்டு இடம் இழுத்துப் பிடிச்ச தையல் மாதிரி இருந்துச்சு. படிக்கறவங்களாலயே போக முடியலை. ஒரு வரியில முடிச்சுடலாம்."

"தட்டு வைக்கற இடமும் வேண்டாம்" என்றார் கண்டக்டர். "கடைக்காரர் மேசை துடைச்சா நமக்கென்ன, துடைக்காட்டி நமக்கென்ன? ஆனா தட்டுல கண்ணீர் விழுது பாருங்க, அந்த வரி அருமை. படிக்கறவங்க வாயில எப்படி வழுக்கிட்டுப் போச்சு."

"ஆமா, அதுதான் கதைக்கு உயிர்" என்றார் தையல்காரம்மா. "அந்தப் பொண்ணு மேல நமக்கு இரக்கம் வர்றதே அங்கதான்."

மீட்டரும் தன் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். அவரும் மனிதர்தானே, தான் போட்ட சட்டத்தைத் தானே நம்பாவிட்டால் எப்படி. "மூணு இடத்துல திணறல் இருக்கு அண்ணி. பூட்டு, தட்டு, திரும்பி வர்றது. மூணையும் எடுத்துடுங்க. கண்ணீரை வச்சுக்கங்க. கதை நிக்கும்."

சின்னவள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் நடந்ததை எல்லாம் வெட்டச் சொல்லிவிட்டு, நடக்காத ஒன்றுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அன்பாக, அவ்வளவு அக்கறையாக.

"படிச்சவங்களும் ஏதாவது சொல்லலாம்" என்றார் மீட்டர்.

"எனக்குத் தொண்டை சரியில்லை" என்றாள் சின்னவள். "மழைல நனைஞ்சது. அதான் திக்கிடுச்சு. கதை மேல தப்பு இல்லை." குடையை எடுத்தாள். "வாங்க அண்ணி, போகலாம்."

ஒரே குடை. இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நடந்தார்கள். சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடியது.

"சின்னவளே..."

"பாத்து நடங்க அண்ணி. பள்ளம் இருக்கு."

தெருமுனைச் சாப்பாட்டுக்கடை வந்தது. அதைத் தாண்டும்வரை சின்னவள் பேசவில்லை. தாண்டிய பிறகு சொன்னாள். "எங்கம்மாவை அப்பாவாக்கிட்டீங்க. என்னை டீச்சராக்கிட்டீங்க. சம்பளம் நல்லாத்தான் இருக்கும்."

அண்ணி தோளை விலக்கி, பாதி மழையில் நனைந்தபடி நடந்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்" என்றாள் சின்னவள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வாரம் அந்த வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலை. சின்னவள் அரிசியைக் களைந்தாள், பாத்திரம் கழுவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் சமையலறையில் அண்ணி நுழைந்தால் வேறு வேலை ஞாபகம் வந்து வெளியே போனாள். அண்ணன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நான் ரிப்பேர் பண்ற ஃபிரிட்ஜ் எதுவும் இவ்வளவு ஜில்லுனு இல்லைம்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அம்மா இருந்தா ரெண்டு பேரையும் ஒரு அதட்டு அதட்டியிருக்கும்" என்றார். சின்னவள் பாதித் தட்டில் எழுந்துபோனாள்.

கையில் இருந்த ஒரே துணையைத் தானே தொலைத்துவிட்டோம் என்று அண்ணிக்குத் தோன்றியது. எழுதவே ஆரம்பிக்காமல் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள். கடையில் மாவை வெட்டுகிறபோது கை அளவு தவறியது. ஒரு தட்டு முழுக்க ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ரொட்டி வந்து, முதலாளி, "என்னம்மா, குடும்ப போட்டோ மாதிரி இருக்கு" என்றார்.

மீட்டர் வழக்கம்போலக் கடைக்கு வந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன், "திருத்தினீங்களா?" என்றார்.

"நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்றாள் அண்ணி. "அந்தக் கதைல உயிரோட ஒரு ஆள் இருக்கு. அதைப் படிச்சதே அந்த ஆள்தான்."

மீட்டர் திரும்பி அவளைப் பார்த்தார். காலித் தட்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப அந்தத் திணறல்..."

"எழுத்துல இல்லை."

"நான் மூணையும் வெட்டச் சொன்னேனே. அவங்க முகத்துக்கு நேரா உக்காந்துக்கிட்டு." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இத்தனை வருஷமா கோடு கோடாப் போட்டுட்டு இருக்கேன். தடுக்கினா எழுத்து சரியில்லைன்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கு. எத்தனை நல்ல வரியை வெட்ட வச்சேனோ."

தன் சட்டம் தவறியதை அடுத்தவர் முன்னால் அப்படி ஒப்புக்கொள்கிற ஆசான் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அண்ணி அந்த நிலையிலும் அவரை நினைத்து நெகிழ்ந்தாள்.

"நான் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றாள்.

"கிழிங்க. உங்க கை, உங்க காகிதம். ஆனா ஒண்ணு சொல்றேன். அவங்களைக் கேக்காம எழுதினீங்க. இப்ப அவங்களைக் கேக்காம கிழிக்கப் போறீங்க." எழுந்து மீட்டர் பெட்டியைத் திறந்தார். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது அண்ணி. நான் கமா போடத் தெரிஞ்சவன், அவ்வளவுதான்."

அன்று மாலை சின்னவள் வீட்டு ஜன்னல் பக்கம் நின்று அண்ணனின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெளித்த தண்ணீர் ஆவியாகி எழுந்தது. அண்ணி காகிதங்களைக் கொண்டுபோய் மேசை ஓரத்தில் வைத்தாள்.

"இது உன்னோடது. நான் திருடினது. அடுப்புல போட்டாலும் சரி, எனக்கு வருத்தம் இல்லை. இனிமே எழுதலைன்னாலும் பரவாயில்லை. நீ என்கிட்ட முன்ன மாதிரி பேசினாப் போதும்."

சின்னவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். காகிதத்தைப் பார்த்தாள். எடுத்து, மடித்த சட்டைகளுக்கு அடியில் செருகினாள். "இந்தச் சட்டைக் காலர் நைஞ்சுபோச்சு. அண்ணாக்குப் புதுசு வாங்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் காலையிலேயே சமையலை முடித்துவிட்டாள். அண்ணனிடம், "ரொட்டிக்கடை மாடில ஒரு ஃபிரிட்ஜ் சத்தம் போடுதாம். பெட்டியை எடுத்துட்டு வா" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கடை வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

மாடியில் எல்லோரும் இருந்தார்கள். நர்ஸும் வந்திருந்தாள். அண்ணன் மூட்டைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜ் எங்க?"

"உக்காருண்ணா. முதல்ல ஒரு கதை கேளு."

"கதையா?" அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டையில் உட்கார்ந்தார், ஏமாந்த முகத்தோடு.

சின்னவள் காகிதங்களைப் பையிலிருந்து எடுத்தாள். "போன வாரம் நான் சரியாப் படிக்கலை. மறுபடி படிக்கறேன். சட்டத்துல இடம் உண்டா?"

ஏற்கெனவே படித்தவர் படிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். மீட்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "உண்டு" என்றார்.

சின்னவள் படித்தாள். துறைமுகம் வந்தது, கப்பல் சங்கு வந்தது. சாவியைத் திருப்புகிற இடம் வந்தது. இருமல் வந்தது. குரல் தடுக்கவில்லை. கடைக்காரர் மேசையைத் துடைத்தார், தட்டை வைத்தார். அண்ணன் அதுவரை பெட்டியின் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்தினார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் இல்லாவிட்டாலும் அவளால் பேசியிருக்க முடியாது.

"'அவளால் சாப்பிட முடியவில்லை. தட்டில் கண்ணீர் விழுந்தது.'" சின்னவள் நிறுத்தினாள். "இது தப்பு."

கண்டக்டர் நிமிர்ந்தார். "அதுதானே நல்ல வரி? போன வாரம் தடுக்காமப் படிச்சீங்களே."

"பொய்தானே. அதான் வழுக்கிட்டுப் போச்சு." சின்னவள் காகிதத்தை மடியில் வைத்தாள். யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள். "அவ அழலை. முட்டையும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டா. சூடா இருந்துச்சு. வீட்டுல சூடா எதையும் சாப்பிட்டே ரொம்ப நாள் ஆச்சு. அம்மாவுக்கு ஊட்டி முடிக்கறதுக்குள்ள எல்லாம் ஆறிடும். அன்னிக்கு யாரும் கூப்பிடலை. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை. அவ இன்னொரு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அவ்வளவு ருசியா இருந்துச்சு. அதைத்தான் அவளால யார்கிட்டயும் சொல்ல முடியலை. வெளிய போனதைச் சொல்லிட்டா. ருசியா இருந்துச்சுன்னு சொல்லலை."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. விரிப்பைப் பிழிந்த அன்று சின்னவள் சொல்லாமல் விட்டது இதுதான். அந்த இடத்தை அண்ணி கண்ணீரால் நிரப்பியிருந்தாள். எல்லோருக்கும் பிடிக்கிற கண்ணீர்.

கதையில் இருப்பது அப்பா. சின்னவள் அம்மா என்று சொன்னாள். அதைக் கேட்காதவர் அங்கே யாரும் இல்லை. ஒருவரும் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. தையல்காரம்மா தன் பிரதியை மெல்ல மடித்தார்.

அண்ணன் பெட்டியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"இன்னொரு முட்டை கேட்டியா?" என்றார்.

"கேட்டேண்ணா."

"குடுத்தானா?"

"குடுத்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். நைந்த காலரை விரலால் தடவிக்கொண்டார். "நல்லது பண்ணே. காலைலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலையே நீ. மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவன் நான்தானே. அந்த வீட்டு ஃபிரிட்ஜ் முன்னாடியே சரியாயிடுச்சு சின்னவளே. எனக்கு வீட்டுக்கு வரப் பிடிக்காம அங்கயே உக்காந்து பேசிக்கிட்டு இருந்தேன்."

சின்னவள் அப்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். கீழே கடைப் பூனை தட்டு எதையோ உருட்டிவிட்டது.

மீட்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சின்னவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, காகிதங்களோடு சேர்த்து அண்ணியிடம் கொடுத்தாள்.

"அடிச்சுட்டு எழுதுங்க அண்ணி. ரெண்டு முட்டை."

அண்ணி கண்ணீர் வரியை அடித்தாள். மேலே எழுதினாள். சின்னவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ருசியா இருந்துச்சுன்னும் போடுங்க."

போட்டாள்.

"அப்பாவும் வேண்டாம். அம்மான்னே இருக்கட்டும். டீச்சரையும் எடுத்துடுங்க, எனக்குப் பசங்களைக் கண்டா ஆகாது."

நர்ஸ் சிரித்துவிட்டாள். கண்டக்டரும் சிரித்தார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்து பாதியில் வேறு ஏதோ ஆகி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மீதியையும் படிச்சுடறேன்" என்று சின்னவள் காகிதத்தைத் திருப்பி வாங்கினாள். இரண்டாவது முட்டையைப் படித்தாள். ருசியைப் படித்தாள். கை கழுவிக்கொண்டு தெருவில் இறங்கியதைப் படித்தாள். அப்பா என்று எழுதியிருந்த இடத்தில் அம்மா என்று படித்தாள். பூட்டைத் திறக்கிற வரிக்கு வந்தபோது அவள் குரல் தடுக்கியது. நின்றது. திரும்பப் போய், மறுபடி ஆரம்பித்தது.

யாரும் கோடு போடவில்லை.